ரூஸ்வெல்ட்டின் வாழ்க்கையை அஞ்சல்தலைகளில் அடுக்குவது எப்படி? 16 தாள் தொகுப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் நான்கு அஞ்சல்தலைகளை வாங்கி மேசைமேல் வையுங்கள். அமெரிக்காவின் 32-ஆவது குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் டி. ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மறைந்தபின், அந்நாட்டு அஞ்சல் துறை வெளியிட்ட அஞ்சலித் தொகுதி அது. 1 சென்ட் பச்சை, 2 சென்ட் சிவப்பு, 3 சென்ட் ஊதா, 5 சென்ட் நீலம் என்று நான்கு. அஞ்சல்தலைகளுக்கு எண்ணிட்டுப் பட்டியலிடும் ஸ்காட் கேட்டலாக்கில் 930 முதல் 933 வரையிலான எண்கள். அச்சடிக்கப்பட்டவை ஏராளம் என்பதால் நான்கும் சேர்ந்தே ஒரு சிற்றுண்டிச் செலவுக்குள் கிடைத்துவிடும்.

இவை வெளியான வரிசை வேறு. 3 சென்ட் முதலில் 1945 ஜூன் 27 அன்று வாஷிங்டனிலும், 1 சென்ட் ஜூலை 26 அன்று நியூயார்க் மாநிலத்து ஹைட் பார்க்கிலும், 2 சென்ட் ஆகஸ்ட் 24 அன்று வார்ம் ஸ்பிரிங்ஸிலும், 5 சென்ட் அவருடைய பிறந்தநாளான 1946 ஜனவரி 30 அன்று மீண்டும் வாஷிங்டனிலும் வெளியாயின. பெரும்பாலானோரைப் போல நானும் தொடக்கத்தில் இந்த வரிசையிலேயே அவற்றை ஆல்பத்தில் வைத்திருந்தேன். அப்படி வைத்தால் நான்கு படங்கள் தெரியுமே தவிர, ஒரு மனிதர் தெரியமாட்டார். ஒருநாள் தாளை மாற்றும்போது மதிப்பு வரிசையில் வைத்துப் பார்த்தபோதுதான் அதில் ஒரு வாழ்க்கை வரலாறு இருப்பது புரிந்தது. 1 சென்டில் அவர் 1882-இல் பிறந்த ஹைட் பார்க் வீடு; 2 சென்டில் போலியோவுக்குப்பின் 1924 முதல் அவர் சிகிச்சைக்காகச் சென்றுவந்த ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸில் இருந்த அவருடைய இல்லம்; 3 சென்டில் 1933-இல் குடிபுகுந்த வெள்ளை மாளிகை; 5 சென்டில் உலக உருண்டையும் 1941-இல் அவர் அறிவித்த நான்கு சுதந்திரங்களும் (பேச்சு, சமயம், வறுமையின்மை, அச்சமின்மை). வீடு, நோய், பதவி, உலகம் என்று அஞ்சல் கட்டணம் ஏற ஏற அவருடைய வாழ்க்கையும் விரிந்துகொண்டே போகிறது. வெளிநாட்டுக்குக் கப்பலில் செல்லும் சாதாரணக் கடிதத்துக்கு அன்றைய கட்டணம் 5 சென்ட் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நான்கு சுதந்திரங்களை ஏன் அந்தத் தலையில் பொறித்தார்கள் என்பதற்குத் தனி விளக்கம் தேவையில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கொள்கையின்மேல்தான் நிற்கிறது: அஞ்சல்தலை வெளியான தேதியை விட்டுவிட்டு, அது சுட்டும் வாழ்க்கை நிகழ்வின் தேதிப்படி அடுக்குங்கள்.

எல்லையை வரையறுத்தல்

கண்காட்சிகளில் ஒரு சட்டகம் என்பது 16 தாள்கள். புதிதாகத் தொடங்குபவர் அதற்குமேல் போக வேண்டாம். உலகில் ரூஸ்வெல்ட் படம் போட்ட தலைகளை எல்லாம் சேர்க்கப் புறப்பட்டால் கையில் மிஞ்சுவது பட்டியல் மட்டும்தான். 16 தாள்களில் ஒன்று தலைப்புக்கும் திட்டத்துக்கும் போய்விடும். மீதி 15 தாள்களை இளமை, நோய், நியூ டீல் (1930-களின் பொருளாதார மந்தத்தை எதிர்கொள்ள அவர் தொடங்கிய திட்டங்கள்), போர், மறைவு என ஐந்து அத்தியாயங்களாகப் பிரியுங்கள். சம பங்காகப் பிரிக்கக் கூடாது. நியூ டீலுக்கும் போருக்கும் மட்டும் ஒன்பது தாள்களாவது வேண்டும். இளமைக்கு இரண்டு போதும்.

தொடக்கத்திலேயே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவுக்கு இரண்டு ரூஸ்வெல்ட்கள் தலைவர்களாக இருந்திருக்கிறார்கள். முன்னவரான தியோடர், பின்னவருக்குத் தூரத்து உறவினர். பிராங்க்ளினின் மனைவி எலினோருக்கோ சொந்தப் பெரியப்பா. இருவருக்குமே 6 சென்ட் தலை உண்டு: 1955-இல் வந்த சிவப்பு நிறத்தது தியோடருடையது, 1966-இல் வந்த சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தது பிராங்க்ளினுடையது. கலவையாக விற்கப்படும் பொட்டலங்களில் இரண்டும் 'ரூஸ்வெல்ட் 6 சென்ட்' என்ற ஒரே பெயரில் கிடக்கும். மீசை இருந்தால் தியோடர்.

முகம் இல்லாத ஆண்டுகள்

உயிரோடு இருப்பவரைத் தலையில் அச்சிடுவதில்லை என்பது அமெரிக்க மரபு. நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டு 12 ஆண்டுகளுக்குமேல் ஆட்சியில் இருந்தவரின் முகம் அந்தக் காலத்தில் அவர் நாட்டு அஞ்சல்தலை ஒன்றில்கூட இல்லை. 1938-இல் தொடங்கிய குடியரசுத் தலைவர் வரிசையில் வாஷிங்டன் முதல் 1933-இல் மறைந்த கூலிட்ஜ் வரை எல்லோரும் இருக்கிறார்கள். உயிரோடிருந்த ஹூவரும் ரூஸ்வெல்ட்டும் இல்லை. வெளிநாடுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அமெரிக்க அரசமைப்பின் 150-ஆம் ஆண்டையொட்டித் துருக்கி 1939-இல் வெளியிட்ட தொகுதியில், அந்நாட்டின் அன்றைய குடியரசுத் தலைவர் இனோனுவும் ரூஸ்வெல்ட்டும் சேர்ந்து இடம்பெறும் தலைகள் உண்டு. தொகுப்பில் அவர் முகம் முதன்முதலில் தென்படும் இடத்தில் அதை வையுங்கள். பார்வையாளர் நிச்சயம் நின்று பார்ப்பார்.

சேகரிப்பாளருக்கு இந்த மரபு ஒரு வரமாகவே அமைகிறது. மூன்று தலைகளை ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். முதலாவது, 1943 பிப்ரவரி 12 அன்று வெளியான 1 சென்ட் பச்சைத் தலை: தீப்பந்தம் ஏந்திய பெண்ணுருவமும், பேச்சு, சமயம், வறுமையின்மை, அச்சமின்மை என்ற நான்கு சுதந்திரங்களைச் சொல்லும் வரியும் அதில் உண்டு, வரி ரூஸ்வெல்ட்டின் 1941 ஜனவரி 6 உரையிலிருந்து வந்தது, ஆனால் அவர் பெயர் எங்கும் இல்லை. இரண்டாவது, ஐக்கிய நாடுகள் மாநாடு சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய 1945 ஏப்ரல் 25 அன்று வெளியான 5 சென்ட் நீலத் தலை: படமே இல்லாமல் வெறும் எழுத்துகளாலான அந்தத் தலையின் அடியில் ரூஸ்வெல்ட்டின் பெயர் இருக்கிறது. அவர் இறந்து 13 நாட்களே ஆகியிருந்தன. மூன்றாவது, 1946 ஜனவரியின் 5 சென்ட் நீலத் தலை: 1943-இல் வந்த அதே வரி, பக்கத்தில் அவருடைய முகம். முதலில் சொல், பிறகு பெயர், கடைசியில் முகம். என் கணக்கில் இந்த ஒரு தாள்தான் தொகுப்பின் நடுத்தூண். இதற்கு ஆகும் செலவு அற்பம்.

இளமையும் நோயும்

அவர் 1910-இல் நியூயார்க் மாநிலச் செனட்டுக்குத் தேர்வானதற்கோ, 1928-இல் ஆளுநராக வென்றதற்கோ நேரடியான அமெரிக்கத் தலை கிடையாது. 1913 முதல் 1920 வரை அவர் கடற்படைத் துணைச் செயலராக இருந்த காலத்தைக் காட்ட, 1936–37-இல் அவர் ஆட்சியிலேயே வெளியான ஐந்து கடற்படைத் தலைகளைப் பயன்படுத்தலாம். ஆனால் இது சுற்றுவழி என்பதைக் குறிப்பில் நேர்மையாக எழுதிவிட வேண்டும். தொடர்பில்லாததைத் தொடர்புடையதுபோலக் காட்டினால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார்.

1921-இல், 39 வயதில், கனடாவின் கேம்போபெல்லோ தீவில் விடுமுறையில் இருந்தபோது போலியோ அவர் கால்களை முடக்கியது. 1945–46 அஞ்சலித் தலைகள் நான்கிலும் சக்கர நாற்காலி இல்லை. தோளோடு நின்றுவிடும் உருவம்தான் இருக்கிறது. இந்த மறைப்பைப் பற்றி எழுத ஒரு தாள் முழுவதையும் ஒதுக்கலாம். அதில் 2 சென்ட் வார்ம் ஸ்பிரிங்ஸ் தலையையும், போலியோவை எதிர்த்தவர்களைப் போற்றி 1957 ஜனவரி 15 அன்று வெளியான 3 சென்ட் தலையையும் வையுங்கள். அரசு வெளிப்படையாகச் சொல்லாததை இந்த இரண்டும் சேர்ந்து சொல்லிவிடும்.

நியூ டீல்: ஐம்பது ஆண்டு இடைவெளி

தேடலுக்கு அதிகம் பலன் தரும் அத்தியாயம் இதுதான். 1983 முதல் 1985 வரை அமெரிக்க அஞ்சல் துறை, ரூஸ்வெல்ட் தொடங்கிய திட்டங்களுக்கு ஒவ்வொன்றாகப் பொன்விழாத் தலைகளை வெளியிட்டது. வெளியீட்டு நாட்களைச் சட்டங்களின் தேதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலையற்ற இளைஞர்களைக் காடு வளர்ப்பில் ஈடுபடுத்திய குடிமைப் பாதுகாப்புப் படைக்கான ஆணை 1933 ஏப்ரல் 5. தலை 1983 ஏப்ரல் 5. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையச் சட்டம் 1933 மே 18. தலை 1983 மே 18. ஊரக மின்மயமாக்கல் ஆணை 1935 மே 11. தலை 1985 மே 11. சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935 ஆகஸ்ட் 14. தலை 1985 ஆகஸ்ட் 14. முதல் இரண்டும் 20 சென்ட், பின்னவை இரண்டும் 22 சென்ட். இவற்றை முதல் நாள் உறைகளாக (தலை வெளியான நாளின் முத்திரை விழுந்த உறைகளாக) வாங்குவது நல்லது, ஏனெனில் முத்திரையில் உள்ள நாளும் மாதமும் சட்டம் பிறந்த நாளோடு அப்படியே பொருந்தும். தலையை மட்டும் வைத்தால் இந்தப் பொருத்தம் கண்ணில் படாது. வங்கி வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகத்துக்கு 1984 ஜனவரியில் வந்த 20 சென்ட் தலையையும் இதே தாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கு முன்னால், தனித் தாளில் ஒரே ஒரு தலையை வையுங்கள்: தேசியத் தொழில் மீட்பு நிர்வாகத்துக்காக 1933 ஆகஸ்ட் 15 அன்று வெளியான 3 சென்ட் ஊதாத் தலை. உழவர், வணிகர், தொழிலாளி, ஒரு பெண் என நால்வர் ஒரே திசையில் எட்டுவைத்து நடக்கும் படம். நியூ டீல் திட்டங்களில் பிறந்த சூட்டோடு தலை கிடைத்த திட்டம் இது. 1935 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதன் அடிப்படைச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்ததால், தலை வந்து இரண்டு ஆண்டு நிறைவதற்குள் திட்டம் மறைந்தது. பொன்விழாவரை காத்திருந்த திட்டங்களோ பெரும்பாலும் நிலைத்துவிட்டன. அரசு அவசரப்பட்டுக் கொண்டாடியதும் காலம் கழித்துக் கொண்டாடியதும் அடுத்தடுத்த தாள்களில் இருக்கும்போது, குறிப்பில் நீங்கள் அதிகம் எழுத வேண்டியிருக்காது.

சேகரிப்பாளர் தலைவரானபோது

ரூஸ்வெல்ட் சிறுவயது முதலே அஞ்சல்தலை சேர்த்தவர். அவர் ஆட்சிக்காலத்தில் வெளியான 200-க்கும் மேற்பட்ட தலைகளில் அவருடைய கண் படாதவை அரிது. சிலவற்றுக்கு அவரே பென்சிலால் மாதிரி வரைந்து தந்தார்: அமெரிக்கக் கடற்படை அதிகாரி பேர்டின் தென்துருவப் பயணத்துக்காக 1933 அக்டோபரில் வந்த 3 சென்ட் தலையும், 1934 மே மாதத்து அன்னையர் நாள் தலையும் அப்படிப் பிறந்தவை. அன்னையர் தலையில் அமெரிக்க ஓவியர் விஸ்லர் தன் தாயை வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தை வெட்டிச் சுருக்கி, மூலத்தில் இல்லாத ஒரு பூச்சாடியை மூலையில் சேர்த்தார்கள். கலை அன்பர்கள் கொதித்தார்கள். தொகுப்பில் அந்தச் சாடியை ஒரு சிறு அம்புக்குறியால் சுட்டிக்காட்டுவது வழக்கம்.

அடுத்து வருவது கொஞ்சம் நுணுக்கமான பகுதி. அஞ்சல் துறைத் தலைவர் ஜேம்ஸ் ஃபார்லி, புதிய தலைகளின் முழுத் தாள்களைப் பசை பூசுவதற்கும் துளையிடுவதற்கும் முன்பே முகமதிப்பு கொடுத்து வாங்கி, ரூஸ்வெல்ட்டுக்கும் உள்துறைச் செயலர் இக்கிஸ் உள்ளிட்ட நண்பர்களுக்கும் பரிசாகக் கொடுத்துவந்தார். செய்தி வெளியே கசிந்ததும் சேகரிப்பாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். வேறு வழியின்றி 1935 மார்ச் 15 முதல் 20 வெளியீடுகளைப் பசையின்றி, பெரும்பாலும் துளையுமின்றி, பொதுமக்களுக்கும் விற்றார்கள். ஸ்காட் எண்கள் 752 முதல் 771 வரை. இவற்றை வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, இவை பசையின்றியே விற்கப்பட்டன. ஆகவே பசை இல்லாதது குறையல்ல. இரண்டு, பசை இருந்தால் உடனே போலி என்று முடிவு கட்டவும் கூடாது, ஏனெனில் 1940-இல் முழுத் தாள்களைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களுக்கு அஞ்சல் துறையே பசை பூசித் தந்தது. மூன்று, துளைப்பல் இல்லாத ஒற்றைத் தலையை வாங்காதீர்கள். சாதாரணத் தலையின் பற்களை வெட்டிவிட்டு விற்பது எளிது; இரட்டையாக, நடுவில் வெட்டப்படாத இடைவெளியோடு வாங்கினால் அந்த ஏமாற்று நடக்காது. இதை எழுதுபவன் ஒற்றையை வாங்கிக் காசை விட்டவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போர்

இங்கே தலைகள் ஏராளம், ஆகவே கத்தரியும் கையுமாக இருங்கள். கட்டாயம் இருக்க வேண்டியவை: சீனாவின் ஐந்தாண்டு எதிர்ப்பைப் போற்றி லிங்கனையும் சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட்-சென்னையும் காட்டும் 1942 ஜூலை 7-இன் 5 சென்ட் தலை, நேச நாடுகளுக்கான 1943 ஜனவரி 14-இன் 2 சென்ட் தலை, ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளின் கொடிகளைத் தாங்கிய 13 தலைகள். 1943 ஜூனில் போலந்தில் தொடங்கி 1944 நவம்பரில் கொரியாவில் முடிந்த இந்தக் கொடி வரிசையைப் பல வண்ணங்களில் அச்சிட அரசு அச்சகத்தில் வசதியில்லாததால், அமெரிக்கன் பேங்க் நோட் என்ற தனியார் நிறுவனம் அச்சிட்டது. பதின்மூன்றையும் ஒரே தாளில் மூன்று வரிசைகளாக அடுக்கலாம். கொரியத் தலையைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பாருங்கள். ஆங்கிலத்தில் நாட்டின் பெயரிலுள்ள நான்காம் எழுத்தின் அடிக்கோடு விடுபட்டு 'கோர்பா' என்று படிக்கும்படி அமைந்த வகை ஒன்று இருக்கிறது. கிடைத்தால் பரிசு, கிடைக்காவிட்டால் இழப்பில்லை.

வெளிநாட்டுத் தலைகளை இந்த அத்தியாயத்தில் அளவோடு சேருங்கள். நிகரகுவா 1946-இலும் எல் சால்வடோர் 1948-இலும் வெளியிட்ட தொகுதிகள், புகைப்படங்களை அடிப்படையாகக் கொண்டு அவருடைய போர்க்கால நிகழ்வுகளைக் காட்டுகின்றன. சர்ச்சிலோடு இருக்கும் காட்சி வேண்டுமென்றால் அங்கேதான் தேட வேண்டும். ஹங்கேரியின் 1947 தொகுதி நான்கு சுதந்திரங்களை ஐரோப்பாவின் கண்ணால் பார்க்கிறது. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் பல சிறு நாடுகளின் பெயரில் முகவர்கள் அச்சடித்துத் தள்ளிய பளபளப்பான மினியேச்சர் தாள்களை ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து. அவற்றில் சில, அந்தந்த நாடுகளே சட்டவிரோதமானவை என்று உலக அஞ்சல் ஒன்றியத்தின் சுற்றறிக்கைகள் வழியே மறுத்தவை. வாங்குமுன் கேட்டலாக் எண் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

தாளில் ஏற்றுதல்

அமிலமற்ற தாள், இடுக்கி, துளைப்பல் அளவி, நல்ல பூதக்கண்ணாடி ஆகிய நான்கும் போதும். 1945–46 அஞ்சலித் தலைகளின் துளைப்பல் அளவு 11க்கு 10½, அதாவது இரண்டு சென்டிமீட்டரில் கிடையாக 11, செங்குத்தாக 10½ துளைகள். பயன்படுத்தாத தலைகளுக்கு ஒட்டுத்தாள் வேண்டாம், ஒளிபுகும் மவுண்ட் உறையில் வையுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்துக் காற்றில் பசை இளகித் தலை மவுண்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆல்பத்தைப் படுக்கவைத்து மேலே சுமை ஏற்றாமல், சிலிக்கா ஜெல் பையோடு நிமிர்த்தி வைப்பதே பாதுகாப்பு.

குறிப்புகள் ஒரு தலைக்கு மூன்று வரியைத் தாண்டக் கூடாது. முதல் வரியில் வாழ்க்கை நிகழ்வும் அதன் தேதியும், அடுத்த வரியில் தலை வெளியான நாடும் ஆண்டும், தேவைப்பட்டால் மூன்றாம் வரியில் அச்சு நுணுக்கம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நிகழ்வு முதலில் வந்தால் வாழ்க்கை தொடர்ந்து ஓடும். நாட்டின் பெயர் முதலில் வந்தால் தாள் கேட்டலாக்காகிவிடும்.

கடைசி இரண்டு தாள்கள்

மறைவுக்கு முந்தைய தாளில் அவரைச் சேகரிப்பாளராகக் காட்டும் வெளிநாட்டுத் தலைகளை வைக்கலாம். பிலிப்பைன்ஸ் 1950-இல் அவர் தன் அஞ்சல்தலைகளோடு இருப்பதைப்போல ஒரு தொகுதி வெளியிட்டது. மொனாக்கோ 1947-இல் வெளியிட்ட தலையில் அவர் தன் தொகுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய இடது கை விரல்களை எண்ணுங்கள். ஆறு இருக்கும். செதுக்கியவரின் கைத்தவறு. அஞ்சல்தலைகளில் அச்சுப்பிழை தேடுவதையே பொழுதுபோக்காகக் கொண்டிருப்பவர்களின் தலைவருக்கு இது கிடைத்திருப்பதைவிடப் பொருத்தமான அஞ்சலி வேறு இருக்க முடியாது. கிரேக்கம் 1945-இல் கறுப்புக் கரையிட்டு வெளியிட்ட துக்கத் தலைகள் கடைசித் தாளின் மேல்பகுதிக்குரியவை.

இங்கே ஒரு சிக்கல் எழும். வார்ம் ஸ்பிரிங்ஸ், நோய் அத்தியாயத்துக்கும் உரியது, மறைவு அத்தியாயத்துக்கும் உரியது; நீரில் நடக்கப் பழகிய இடமும் உயிர் பிரிந்த இடமும் அதுவே. ஒரே தலையை இரண்டு இடத்தில் வைத்தால் நகல் என்று நடுவர் குறிப்பார். ஆகவே பயன்படுத்தாத 2 சென்ட் தலையை 1924-க்கான தாளில் வைத்துவிட்டு, 1945 ஆகஸ்ட் 24 அன்று அந்தச் சிற்றூரின் அஞ்சலகத்தில் முத்திரையிடப்பட்ட முதல் நாள் உறையைக் கடைசித் தாளின் கீழ்ப்பகுதியில் வையுங்கள். தலை ஒன்றே என்றாலும் ஒன்று சித்திரம், மற்றது அந்த ஊரிலிருந்தே வந்த கடிதம். உறையை வாங்கும்போது வட்ட முத்திரையில் ஊர்ப்பெயரும் தேதியும் மை கலையாமல் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஓரம் சற்று மங்கியிருந்தாலும், முகவரி பென்சிலில் எழுதப்பட்டிருந்தாலும் பரவாயில்லை.